கிழங்கு வடித்த தண்ணீர்

என் நாய் செத்ததற்கு என் பக்கத்து வீட்டுக்காரர்தான் காரணம். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவர் அதற்கு விஷம் வைக்கவில்லை, கல்லால் அடிக்கவில்லை. அது விஷத்தைக் குடிக்கிறது என்று நன்றாகத் தெரிந்தும், இரண்டு வாரம் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் பங்கும் இதில் இருக்கிறது. அதையும் மறைக்கப் போவதில்லை.

யுத்த காலம். பர்மா அரிசி வருவது நின்றுபோய், திருவனந்தபுரத்தில் அரிசிக்குத் தட்டுப்பாடு தொடங்கியிருந்த சமயம். நான் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போனவன். ஒரு பஸ் கம்பெனி ஷெட்டில் ஃபிட்டர் வேலை. பெட்ரோல் கிடைக்காமல் பஸ்ஸை எல்லாம் அடுப்புக்கரி வாயுவில் ஓட்டினார்கள். தினம் சாயங்காலம் தலை முதல் கால் வரை கரியாக வீட்டுக்கு வருவேன். கிழக்கேகோட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் நானும் என் மனைவியும் குடியிருந்தோம். மூன்றாவது ஆள் மணி. மணிதான் நாய்.

மணி கல்லாற்றில் கிடைத்தது. மலையடிவாரத்தில் ஒரு பஸ் படுத்துவிட்டது என்று சொல்லி என்னை அனுப்பினார்கள். வேலை முடிந்து கிளம்பும்போது ஒரு குட்டி வண்டிக்கு அடியில் எண்ணெய் ஒழுகிய இடத்திலேயே படுத்திருந்தது. விரட்டினால் போகவில்லை. தூக்கிக்கொண்டு வந்தேன். அழகான நாய் ஒன்றும் இல்லை. ஒரு காது நிமிரும், ஒரு காது நிமிராது. ஆனால் என் மனைவிக்கு அது இல்லாமல் முடியாது. அவளுக்கு மலையாளம் வரவில்லை. நான் காலையில் போனால் இருட்டும் நேரத்துக்குத்தான் வருவேன். பகலில் பெரும்பாலும் அவள் வாயைத் திறந்து பேசியது மணியிடம்தான். பருப்பு வேகவில்லை என்பதையும் அதனிடம் சொல்வாள், அவள் தம்பி கடுதாசி போடவில்லை என்பதையும் அதனிடம்தான் சொல்வாள்.

இனி பக்கத்து வீட்டுக்காரர். நாகர்கோவில் பக்கத்துத் தமிழர். ஒரு ஆபீஸில் குமாஸ்தா. திருவனந்தபுரத்திலேயே இருபது வருஷம் இருந்ததில் பேச்சில் பாதி மலையாளம். ஊரில் அவருக்கு மரச்சீனித் தோட்டம் உண்டு, மரவள்ளி என்போமே, அதுதான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மரச்சீனிக் கிழங்கைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஒரே கிணறு. அந்த ஊரில் அப்படி உண்டு. மதில் கிணற்றின் நடுவே போகும். அவர்கள் அந்தப் பக்கம் இறைப்பார்கள், நாங்கள் இந்தப் பக்கம் இறைப்போம். ஆரம்பத்தில் அவர் சம்சாரமும் என் மனைவியும் தண்ணீர் இறைத்துக்கொண்டே பேசுவார்கள். அந்த அம்மாள் நல்லவள். அவரும் கெட்டவர் இல்லை என்றுதான் நானும் நினைத்தேன். ஒரே ஒரு வியாதி அவருக்கு. யாரும் கேட்காமல் யோசனை சொல்வார். அதிலும் என் நாய்க்கு நான் போடும் சாப்பாட்டைப் பார்த்தால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

எங்கள் வீட்டில் மீன், கறி கிடையாது. மணிக்கும் சோறும் மோரும்தான். தினம் காலையில் பல்குச்சியோடு மதிலோரம் வந்து நிற்பார். மோர் கொடுத்தால் சொறி வரும் என்பார். சூடாகப் போட்டால் பல் போகும் என்பார். மீன் தலை கொடு, கருவாடு கொடு என்பார். ஒரு நாள் மணியை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இது குரைக்குதா, பஜனை பாடுதா அண்ணாச்சி? தயிர்ச்சோறு தின்ன பட்டி கள்ளனைக் கண்டா கும்பிட்டுல்லா நிக்கும்" என்றார். பட்டி என்றால் அங்கே நாய். சந்தில் போன இரண்டு பேர் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஒரு அமாவாசையன்று என் மனைவி விரதம். குளித்துவிட்டுக் குடத்தை எடுக்க வருகிறாள், குடத்துக்குப் பக்கத்தில் ஒரு மீன் தலை விழுகிறது. இவர்தான் மதிலுக்கு மேலே மணிக்குப் போட்டிருக்கிறார். அவர் கணக்கில் அது தயவு. என் மனைவி குடத்தைக் கவிழ்த்துவிட்டு அழுதுகொண்டு உள்ளே வந்தாள். அன்று எனக்கு மத்தியான ஷிப்ட், வீட்டில் இருந்தேன்.

நேரே அவர் வாசலுக்குப் போனேன். உள்ளே யாரோ பாய் விரித்து உட்கார்ந்திருந்தார்கள். நாலைந்து பேர், பெண்கள், புதுச் சட்டை. அவர் மகளைப் பெண் பார்க்க வந்தவர்கள் என்று பிறகுதான் தெரியும். தெரிந்திருந்தாலும் அப்போது நின்றிருப்பேனா என்று கேட்டால், தெரியவில்லை. வாசலில் நின்று கத்தினேன்.

"உம்ம வீட்டு அடுப்புல என்ன வேகுதுன்னு நான் எட்டிப் பார்த்தேனாய்யா? என் நாய் செத்தாலும் நான் பார்த்துக்கறேன். இனிமே அது திங்கறதைப் பத்தி உம்ம வாயிலேருந்து ஒரு வார்த்தை வரக்கூடாது."

இன்னும் சொன்னேன். எழுத முடியாத வார்த்தைகளும் அதில் உண்டு. அவர் கையில் வெற்றிலைத் தட்டோடு நின்றார். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தச் சம்பந்தம் முடியவில்லை. என்னால்தானா, வேறு காரணமா, யாரும் எனக்குச் சொல்லவில்லை.

அன்றிலிருந்து அவர் மதிலோரம் வருவதை நிறுத்தினார். அவர் சம்சாரமும் என் மனைவியோடு பேச்சை நிறுத்திவிட்டாள். இரண்டு பெண்களும் ஒரே கிணற்றில் தண்ணீர் இறைப்பார்கள், ஒரு சத்தம் இருக்காது, ராட்டினச் சத்தம் தவிர. எனக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. தொல்லை விட்டது என்றுதான் இருந்தேன்.

அடுத்த வருஷம் அரிசிக்கு ரேஷன் கார்டு வந்தது. கார்டு அரிசி வாரத்தில் பாதி நாளுக்குக் காணாது. மீதி நாளுக்கு ஊரெல்லாம் மரச்சீனிக் கிழங்கு. நாங்கள் அதற்கு முன் அதைத் தொட்டதில்லை. தெருவில் கொண்டுவரும் கிழங்குக்காரிதான் கையைக் காட்டி என் மனைவிக்குச் சொல்லிக் கொடுத்தாள்: தோலை உரி, நறுக்கு, நிறையத் தண்ணீரில் வேகவை, தண்ணீரை வடித்துவிடு. சோறு வடிக்கிற மாதிரிதானே என்று இவளுக்குச் சுலபமாகப் போயிற்று.

இங்கேதான் எங்கள் தப்பு. எங்கள் ஊரில் சோறு வடித்த கஞ்சியை யாரும் கீழே ஊற்ற மாட்டார்கள். மாடு இருந்தால் மாட்டுக்கு, இல்லாவிட்டால் நாய்க்கு. உப்புப் போட்டு நாங்களும் குடிப்போம். பிறந்ததிலிருந்து பார்த்த பழக்கம். அதனால் கிழங்கு வடித்த தண்ணீரும் மணியின் கல்தொட்டிக்குத்தான் போயிற்று. கொஞ்சம் உப்பு, ஒட்டியிருந்த கிழங்குத் துண்டு நாலு. பசியில் இருந்த நாய், குடித்தது. இரண்டு மாதம் ஒன்றும் ஆகவில்லை. அது நல்ல கிழங்கு.

பிறகு நல்ல கிழங்கு கிடைக்காமல் போய், கசப்புக் கிழங்கு வந்தது. இரண்டு தடவை வேகவைத்து இரண்டு தடவையும் தண்ணீரை வடிக்க வேண்டும் என்று கிழங்குக்காரி விரலைக் காட்டிச் சொன்னாள். ஏன் என்று இவள் கேட்கவில்லை. கசப்புப் போவதற்கு என்று நினைத்தாள். சொன்னபடியே இரண்டு தடவை வடித்தாள். கிழங்கைத் தின்ற எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. இரண்டு தடவை வடித்த தண்ணீரும் தொட்டிக்குப் போயிற்று.

கசப்புக் கிழங்கில் இருக்கிற விஷத்துக்கு அந்தப் பக்கத்தில் கட்டு என்று பேர். வேகவைத்தால் அது தண்ணீரில் இறங்கும். தோலில் இன்னும் அதிகம். தோலைத் தின்று ஆடு மாடு சாவது அந்த ஊரில் குழந்தைக்கும் தெரியும். எங்களுக்குத் தெரியாது. சொல்ல ஆள் இல்லை. சொல்லக்கூடியவர் மதிலுக்கு அந்தப் பக்கம் இருந்தார்.

மணி வாந்தி எடுத்தது. சுருண்டு படுத்தது. சாயங்காலம் நான் வரும் சத்தம் கேட்டால் சந்து முனைக்கு ஓடி வரும் நாய், வாசலிலேயே வாலை மட்டும் ஆட்டியது. சோறு இல்லாமல் சத்துக் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். நினைத்து என்ன செய்தேன்? இன்னும் கொஞ்சம் கூட ஊற்றச் சொன்னேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை. எனக்கு லீவு. கிழங்கை நானே உரித்தேன். மேல் தோலுக்கு உள்ளே கெட்டியாக ஒரு தொலி இருக்கிறது அல்லவா, அதை எறிய எனக்கு மனசு வரவில்லை. நாய் இப்படிக் கிடக்கிறது, இவ்வளவையும் குப்பையில் போடுவதா என்று தொலியை நறுக்கி, முதல் தண்ணீரிலேயே போட்டு ஒரு கொதி விட்டேன். விறகு மிச்சம் பிடிக்க அரை வேக்காட்டில் இறக்கி ஆறவைத்துத் தொட்டியில் ஊற்றினேன். மணிக்கு வாடை பிடிக்கவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டது. நான் பக்கத்தில் உட்கார்ந்து தடவிக் கொடுத்து, வெல்லம் கொஞ்சம் நசுக்கிப் போட்டுக் குடிக்கவைத்தேன்.

அப்போது மதிலுக்கு அந்தப் பக்கம் அவர் துணி உலர்த்த வந்தார். என்னைப் பார்த்தார். நறுக்கின தொலியைப் பார்த்தார். தொட்டியைப் பார்த்தார். ஈர வேட்டியைக் கையில் பிடித்தபடி மதில் வரைக்கும் வந்தார். ஒரு வருஷத்துக்குப் பிறகு அன்றுதான் அவ்வளவு கிட்டத்தில் வந்தது. வாயைத் திறந்தார். நான் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தேன். எப்படிப் பார்த்தேன் என்று எனக்குத் தெரியும். வாயை மூடிக்கொண்டு, வேட்டியை உதறிக் கயிற்றில் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இன்னும் பயம் இருக்கிறது இந்த ஆளுக்கு என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டே மீதியையும் ஊற்றினேன்.

அரை மணி ஆகியிருக்காது. மணி எழுந்து நின்றது, பின்னங்கால் இரண்டும் விலகியது. மறுபடி எழுந்தது, விழுந்தது. வாயில் நுரை. மூச்சு இழுக்க முடியாமல் விலா ஏறி ஏறி இறங்கியது. என் மனைவி அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டு மணி மணி என்று கூப்பிட்டாள். நான் பைத்தியக்காரன் மாதிரி முற்றத்தில் அங்கும் இங்கும் நடந்தேன்.

மதில் மேல் ஏறிக் குதித்து வந்தார் அவர். கூப்பிடாமல் வந்தார். உப்புக் கரைத்த சொம்பு கையில். மணியின் வாயை விரலால் பிளந்து ஊற்றினார். கொஞ்சம் இறங்கியது, மீதி வெளியே வந்தது. அவர் கையிலேயே அதன் உடம்பு இரண்டு தடவை வெட்டியது. பிறகு இல்லை.

"கட்டாக்கும். தொலி கொடுத்தா உயிரு நிக்காது" என்றார் தணிந்த குரலில்.

எனக்கு அந்த வார்த்தை அப்போது புரியவில்லை. என்னய்யா கட்டு என்று கேட்டேன். சொன்னார். மெதுவாக, ஒழுங்காக, தண்ணீர், தோல், கசப்புக் கிழங்கு என்று எல்லாம் சொன்னார். ஒரு வருஷம் அடக்கி வைத்திருந்த வாய், நன்றாகத்தான் விளக்கியது.

"உமக்கு இது முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேருந்து?"

"ரெண்டு வாரமாட்டு காணுகேன். கசப்புக் கிழங்கு வாங்கத் தொடங்கின அன்னைக்கே."

"ஏன்யா சொல்லலை?"

அவர் என் மனைவியின் மடியிலிருந்த நாயை இறக்கித் தரையில் வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டார்.

"எனக்க மக கல்யாணம் பேச வந்தவங்க முன்னால நீங்க என்ன சொன்னியன்னு உங்களுக்கு ஓர்மை இருக்கா? பட்டி செத்தாலும் நான் பாத்துக்கிடுதேன்னு சொன்னியளே. பாத்துக்கிடுவியன்னு விட்டுட்டேன்."

அவரை அடித்திருப்பேன். கையைத் தூக்கினேன். என் மனைவி நடுவில் வந்தாள். என்னைத்தான் பிடித்துத் தள்ளினாள். "அவரை ஏன் அடிக்கப் போறீங்க? அவர் வாயைத் தைச்சு வச்சது நீங்கதானே?" என்றாள். பிறகு, தானும் அந்தத் தண்ணீரில் உப்புப் போட்டு அந்த வாரத்தில் இரண்டு தடவை குடித்ததாகவும், தலை கிறுகிறுத்து உட்கார்ந்துவிட்டதாகவும், அரிசி இல்லாத கஷ்டத்தில் என்னிடம் சொல்லவில்லை என்றும் சொன்னாள்.

அவர் முகம் அப்போதுதான் வெளுத்தது. "அய்யோ, அது எனக்குத் தெரியாதம்மா" என்றார். தெரியாதுதான். நம்புகிறேன். ஆனால் அதைக் கேட்டதும் என் ஆத்திரம் இரண்டு பங்காயிற்று. நாய் குடித்தபோது வெளுக்காத முகம் அது.

அவரே மண்வெட்டி கொண்டுவந்து எங்கள் கொல்லையில் குழி வெட்டினார். நான் தடுக்கவில்லை. கூடப்போய் வெட்டவும் இல்லை. அவர் சம்சாரம் மதிலைச் சுற்றிக்கொண்டு வந்து என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவர்கள் பேசிக்கொண்டார்கள். அந்தப் பேச்சு நடுவில் நிற்காமல் இருந்திருந்தால், கிணற்றடியில் முதல் நாளே, இந்தத் தண்ணீரை நாய்க்கு ஊற்றாதே என்று அந்த அம்மாள் சொல்லியிருப்பாள். அதைக் கெடுத்தவன் நான். இது எனக்குத் தெரியாது என்று யாரும் நினைக்க வேண்டாம்.

ஷெட்டில் இதைச் சொன்னேன். எல்லோரும் அவர் பக்கம். சொல்லாதே என்று நீதானே சொன்னாய், பிறகு சொல்லவில்லை என்றால் எப்படி என்று கேட்டார்கள். நியாயம் மாதிரித்தான் இருக்கிறது. நானும் பல நாள் அதை யோசித்தேன். யோசித்த பிறகும் என் கோபம் போகவில்லை.

அவரிடம் நான் சாப்பாட்டைப் பற்றிப் பேசாதே என்றுதான் சொன்னேன். விஷத்தைப் பற்றிப் பேசாதே என்று சொல்லவில்லை. நான் திட்டியது அவரை. அதற்கு அவர் என்னைத் திருப்பித் திட்டியிருக்கலாம், என் வாசலில் வந்து காறித் துப்பியிருக்கலாம். என் வாய்க்கு அந்த நாயா தண்டனை அனுபவிப்பது? என்னோடு பேசப் பிடிக்காவிட்டால் ஒரு கல்லை எடுத்துத் தொட்டியை உடைத்திருக்கலாம். கிழங்குக்காரியிடம் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பியிருக்கலாம். தன் சம்சாரத்திடம் சொல்லியிருக்கலாம். இரண்டு வாரத்தில் இதில் ஒன்றுக்கும் அவருக்கு நேரம் இல்லையா? மோருக்கும் கருவாட்டுக்கும் தினம் காலையில் பல்குச்சியோடு வந்து நின்றவர்தானே? ஒன்றுக்கும் உதவாத யோசனையை வாய் ஓயாமல் சொன்னவர், உயிர் போகிற ஒரு சமயத்தில் மரியாதை பார்த்தார்.

இப்போது நான் யாரிடமும் கேட்டுக்கொண்டு நிற்பதில்லை. போன மாதம் ஒரு காப்பிக்கடைக்காரர் பூசணம் பிடித்த ரொட்டியைத் தன் நாய்க்குப் போட்டார். நிறுத்து என்றேன். உன் வேலையைப் பார் என்றார், கூட இரண்டு கெட்ட வார்த்தையும் சொன்னார். வாங்கிக்கொண்டேன். மறுநாளும் போய்ச் சொன்னேன். ருசியைப் பற்றி, செலவைப் பற்றி, அவரவர் வழக்கத்தைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை. அது வீட்டுக்காரன் பாடு. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் மட்டும் ஒரு தடவையாவது, அடி விழுந்தாலும், சொல்லிவிடுவேன். யாராவது என்னிடம் வந்து சொன்னாலும் வாயை மூடிக்கொண்டு கேட்கிறேன். எனக்கு அதுதான் கஷ்டம். ஆனாலும் கேட்கிறேன்.

அவர் மாற்றலாகிச் சொந்த ஊரோடு போய்விட்டார். விலாசம் வாங்கி இரண்டு கார்டு போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. ஆனால் இந்தப் பத்திரிகையை அவர் விடாமல் வாங்குகிறவர், முதல் பக்கத்திலிருந்து கடைசி வரை படிக்கிறவர். அதனால்தான் இங்கே எழுதுகிறேன். நான் செய்ததை என் கையாலேயே எழுதி எல்லோர் முன்னாலும் வைத்துவிட்டேன். பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அவரை அவமானப்படுத்தியது தப்பு, அதையும் எல்லோர் முன்னாலும் ஒப்புக்கொள்கிறேன். இனி அவர் முறை. ஐயா, அந்த ஞாயிற்றுக்கிழமை மதிலோரம் வந்து வாயைத் திறந்தீர்களே, பிறகு மூடிக்கொண்டீர்களே, மூடவைத்தது என்மேல் இருந்த பயமா, இல்லை சாகட்டும் என்ற எண்ணமா? எனக்குக் கார்டு போட வேண்டாம். இதே பத்திரிகையில், எல்லோரும் படிக்கும்படி பதில் எழுதுங்கள்.